தெனமும் கழுவி விடற எனக்கே தெரியலைங்க

கேள்வி: வணக்கமுங்க டாக்டர். எம்பொண்ணுக்கு ஒன்றரை வயசுங்க, மொதல் கொழந்தை. தாய்ப்பால் குடிச்ச வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லீங்க, சோறு பருப்பு ஊட்ட ஆரம்பிச்ச பொறவுதான் நாலு நாளைக்கு ஒருக்கா முக்கி முக்கி மூஞ்சி செவந்து அழுதுட்டே வெளிக்கு போவா, வயிறு கல்லாட்ட ஆயிரும். சிரப்பு குடுத்தோம், வெளக்கெண்ணெ குடுத்தோம், அம்முச்சி சொல்லி வெத்தலக் காம்பு கூட வெச்சோமுங்க. போன வாரம் வேற டாக்டர் ஒருத்தரு ஜட்டிய கழட்டிப் பாத்துட்டு, ஆசனவாய் அதோட எடத்துலயே இல்ல, முன்னால பெண்ணுறுப்பு ஓரமா சின்ன ஓட்டை வழியாத்தான் போகுது, ஆபரேஷன் பண்ணோணும்னுட்டாரு. எங்க அத்தை, பொம்பளப்புள்ள, வெளிய தெரிஞ்சா கல்யாணத்துக்கு தடங்கலாயிரும், வளந்தா சரியாயிரும்ங்கறாங்க. தெனமும் கழுவி விடற எனக்கே தெரியாம போச்சேன்னு வெசனமா இருக்குதுங்க.
(பேர் வேண்டாமுங்க, காங்கேயம் பக்கம்)

பதில்: மொதல்ல அந்த வெசனத்த எறக்கி வையுங்க அம்மிணி. மொதக் கொழந்தை, இப்படித்தான் இருக்கும்னு நீங்க நெனச்சதுல என்ன தப்பு? பொறந்த அன்னைக்கே காலை விரிச்சு பாத்து சொல்லியிருக்க வேண்டியவங்க டாக்டருங்களும் நர்சுங்களும்தான், அது எங்க வேலை.

சுமாரா 5000 கொழந்தைக்கு ஒண்ணுக்கு இந்த மாதிரி ஆசனவாய்க் குறை வரும். வழியே இல்லாம பொறந்தா ரெண்டு நாள்ல வயிறு உப்பி வாந்தி எடுத்து காட்டிக் குடுத்துரும். பொம்பளப்புள்ளைகளுக்கு பெரும்பாலும் குடல் முன்னால வந்து பெண்ணுறுப்பு வாசல்ல தொறந்துக்கும், காட்டுப்பீ, அதாவது பொறந்த கொழந்தை மொதல்ல போற கருப்பு மலம், அது வழியாவே வந்துரும், துணி நனஞ்சிருக்கும், மோஷன் போயாச்சுன்னு கேஸ் ஷீட்ல எழுதிருவாங்க, எங்கிருந்து போச்சுன்னு யாரும் பாக்க மாட்டாங்க. எனக்கு மனசு ஆறாத எடம் இதுதான், அரை நிமிஷ வேலை.

தாய்ப்பால் குடிக்கறப்ப மலம் தண்ணியாட்ட போறதால சின்ன ஓட்டையே பத்தும். சோறு தின்னா கெட்டியாகும், ஓட்டை அதேதான். உள்ள தேங்கித் தேங்கி பெருங்குடல் பையாட்ட விரிஞ்சு, தள்ற தெம்பும் கொறஞ்சுரும். வளந்தாலும் அந்த வாய் தானா பின்னால நகந்து போகாதுங்க, அதனால தள்ளிப் போடாதீங்க. வெத்தலக் காம்ப இன்னைக்கே நிறுத்திருங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஹார்ட்டுக்கு எக்கோ, கிட்னிக்கு ஸ்கேன், முதுகெலும்புக்கு எக்ஸ்ரே பாப்பாங்க, இந்தக் குறையோட அதுகள்லயும் கோளாறு சேந்து வர்றது உண்டு. ஆபரேஷன்ல சுருங்கி விரியற தசைய கரண்ட் வெச்சு தூண்டிப் பாத்து, அதுக்கு நடுவுல குடல கொண்டு வந்து தைப்பாங்க, 1980கள்ல மெக்சிகோ டாக்டர் அல்பெர்ட்டோ பெஞ்ஞா கொண்டு வந்த முறை, இன்னைக்கும் அதுதான் அடிப்படை. குடல் ரொம்ப விரிஞ்சிருந்தா கொஞ்ச மாசத்துக்கு மலம் போக வயித்துல வழி பண்ணி பை மாட்டி விடலாம், பொறவு மூடிருவாங்க. ரெண்டு வாரம் கழிச்சு டைலட்டர்னு வழவழன்னு ஒரு கம்பி குடுத்து வீட்டுல நீங்களே போடறதுக்கு பழக்குவாங்க, கொழந்தை அழுகுதேன்னு அத மட்டும் விட்டுராதீங்க, தையல் போட்ட எடம் சுருங்கிரும், மறுபடி ஆபரேஷன்ல போயி நிக்கும்.

இந்த வகைல பெரும்பாலான கொழந்தைக அடக்கிப் போகக் கத்துக்குவாங்க. மலச்சிக்கல் மட்டும் வருஷக்கணக்கா இழுக்கலாம், மருந்த டாக்டர் சொல்ற வரைக்கும் குடுங்க. கல்யாணத்துக்கு இதனால தடையில்ல. கர்ப்பப்பை அமைப்ப மட்டும் பெரியவளாகறப்ப ஒருக்கா பாத்துக்கணும், பிரசவம் சிசேரியனா வேணுமான்னு அப்ப டாக்டர்கிட்ட பேசிக்கலாம்.

குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர்கிட்டத்தான் போகோணும், கோவை அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில கேளுங்க, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா கையோட எடுத்துட்டு போங்க. உங்க அத்தையையும் கூட்டிட்டு போயி, டாக்டர்கிட்ட ஒரு பேப்பர்ல படம் வரைஞ்சு அவங்களுக்கு காட்டச் சொல்லுங்க.