பழைய கார்புரேட்டர் காருக்கு நைட்ரஸ் போட என்னென்ன பாகங்கள் வாங்க வேண்டும்?

உங்களிடம் இருப்பது 1978 செவர்லே கமரோ, 350 கன அங்குல வி8, கம்பெனியிலிருந்து வந்த குவாட்ராஜெட் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்). டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்கோட்டுப் பந்தயப் பாதையில்) ஓட்ட 100 குதிரைத்திறன் கூடுதலாக வேண்டும், தெரிந்தவர் ஒருவர் பழைய கிட்டைப் பாதி விலைக்குத் தருகிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டெக்சாஸில் நான் வைத்திருக்கும் செவர்லே நோவாவிலும் இதே 350தான். நானும் முதலில் பாதி விலைக் கிட்தான் வாங்கினேன். அதில் மிச்சம் பிடித்த காசைப் போல எத்தனையோ மடங்கு இன்ஜினுக்கு அழுதேன். அந்தக் கதையைச் சொன்னாலே உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். நைட்ரஸ், அதாவது பாட்டிலில் வரும் நைட்ரஸ் ஆக்சைடு, எரிபொருள் இல்லை. எரிவது பெட்ரோல்தான். நைட்ரஸின் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன், காற்றில் 23 சதவீதம்தான். இன்ஜினுக்குள் கூடுதல் ஆக்சிஜனை அனுப்பினால் அதற்கு ஈடான கூடுதல் பெட்ரோலும் அதே நொடியில் போய்ச் சேர வேண்டும். போகவில்லை என்றால் கலவை வறண்டு, டெட்டொனேஷன் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வந்து, பிஸ்டன் போய்விடும். ஆகவே நைட்ரஸ் கிட் வாங்குகிறோம் என்று நினைக்காதீர்கள், பெட்ரோல் ஏற்பாடு வாங்குகிறோம் என்று நினையுங்கள்.

கார்புரேட்டர் வண்டிக்கு, நைட்ரஸோடு பெட்ரோலையும் சேர்த்துத் தெளிக்கும் வெட் கிட் மட்டும்தான். நைட்ரஸை மட்டும் தெளித்துவிட்டு பெட்ரோலை வண்டியின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடும் டிரை கிட், இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கானது. நம்மிடம் ஏது கம்ப்யூட்டர்? வெட் கிட்டில் எளிமையானது பிளேட் வகை. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் பாகம்) நடுவே உட்காரும் பலகை அது. அதற்குள் இரண்டு மெல்லிய குழாய்கள் குறுக்கே ஓடும், ஒன்றில் நைட்ரஸ், மற்றதில் பெட்ரோல்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் குவாட்ராஜெட்டில் முன் துளைகள் சிறியவை, பின் துளைகள் மிகப் பெரியவை. இதை ஸ்ப்ரெட்போர் என்பார்கள். ஹோலி கம்பெனியின் வழக்கமான நான்கு துளைக் கார்புரேட்டர் ஸ்கொயர்போர், நான்கு துளைகளும் ஏறக்குறைய ஒரே அளவு. சந்தையில் பழைய கிட் என்று கிடைப்பதில் பெரும்பாலும் ஸ்கொயர்போர் பிளேட்தான் இருக்கும். அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். நானும் சமாளித்தேன். கார்புரேட்டர் மேலே ஏறி, ஏர் கிளீனர் போனட்டில் இடித்தது, ஆக்சிலரேட்டர் கேபிளும் எட்டவில்லை. ஸ்ப்ரெட்போர் பிளேட்டையே தேடி வாங்குங்கள்.

சரி, என் இன்ஜின் எப்படிப் போனது? கிட்டோடு வந்த பெட்ரோல் குழாயை, கார்புரேட்டருக்குப் போகும் லைனிலேயே ஒரு ‘டி’ வடிவ இணைப்பு போட்டுச் சேர்த்தேன். பம்ப், இன்ஜின் பிளாக்கில் கம்பெனி மாட்டிய பழைய மெக்கானிக்கல் பம்ப். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அழுத்தம் காட்டும் கேஜ் 6 பி.எஸ்.ஐ. காட்டியது, திருப்தியாக இருந்தது. ஆனால் அது பெட்ரோல் அதிகம் ஓடாதபோது உள்ள அழுத்தம். 100 குதிரைத்திறனுக்கு மணிக்கு 8 முதல் 10 கேலன் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். மூன்றாவது கியரில் நைட்ரஸ் பட்டனை அழுத்தியதும் அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. குவாட்ராஜெட்டின் மிதவைக் கிண்ணம் வேறு சிறியது, அதுவும் காலியாகிவிட்டது. நான் கேஜைப் பார்க்கவில்லை, பந்தயம் முடியும் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரித்துப் பார்த்தபோது ஏழாவது சிலிண்டரில் பிஸ்டனின் மேல் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து கிடந்தது.

எனவே தனி எலெக்ட்ரிக் பம்ப், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தனி ரெகுலேட்டர், நைட்ரஸுக்கென்றே தனி பெட்ரோல் லைன். ரெகுலேட்டரின் அழுத்தத்தைப் பெட்ரோல் ஓடும்போதுதான் சரிசெய்யுங்கள்: போடப்போகும் அதே அளவு ஃபியூயல் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைப் பாகம்) வழியாக ஒரு பாதுகாப்பான கேனில் ஓடவிட்டு, கிட் சொல்லும் அழுத்தத்துக்குத் திருகுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், வெளியே திறந்த இடத்தில் செய்ய வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும்.

அடுத்து சாலினாய்டு, அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு. ஃபியூயல் சாலினாய்டு கார்புரேட்டருக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் இருக்கும், அதற்கான சாலினாய்டின் துளை சிறியது. நம் 6 பி.எஸ்.ஐ.யில் அதன் வழியே போதிய பெட்ரோல் போகாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஜெட்டிலும் கவனம் வேண்டும், நைட்ரஸ் ஜெட், ஃபியூயல் ஜெட் இரண்டையும் எப்போதும் ஜோடியாக, கிட் தயாரித்தவரின் அட்டவணைப்படி மாற்றுங்கள்.

பழைய நைட்ரஸ் சாலினாய்டு என்றால் உள்ளே இருக்கும் சீலை மாற்றாமல் போடவே போடாதீர்கள். பாட்டிலில் 900, 1000 பி.எஸ்.ஐ. நிற்கிறது. சீல் கசிந்தால், வண்டி நிற்கும்போதே மேனிஃபோல்டு நைட்ரஸால் நிரம்பும், நீங்கள் சாவியைத் திருப்பியதும் கார்புரேட்டர் போனட்டைப் பெயர்த்துக்கொண்டு கிளம்பும். சந்தேகம் வந்தால் பாட்டிலை மூடி, இக்னிஷனைத் துண்டித்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து சில சுற்று கிராங்க் செய்து வெளியேற்றிவிடுங்கள்.

ஸ்விட்ச் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெடலை முழுதாக மிதித்தால் மட்டும் கிளிக் ஆகும் மைக்ரோ ஸ்விட்ச், ரிலே, ஃபியூஸ், மெயின் ஸ்விட்ச் ஆகியவை கிட்டிலேயே வரும். தனியாக வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பெட்ரோல் அழுத்தம் விழுந்தால் நைட்ரஸைத் தானாக நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச். அன்றைக்கு அது என் வண்டியில் இருந்திருந்தால் இந்தப் பதிலில் ஒரு பத்தி குறைந்திருக்கும். இரண்டு, 3000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே நைட்ரஸ் போகாமல் தடுக்கும் விண்டோ ஸ்விட்ச். குறைந்த வேகத்தில் தெளித்தால் பெட்ரோல் மேனிஃபோல்டில் தேங்கி அங்கேயே வெடிக்கும், அதுதான் பேக்ஃபயர்.

இக்னிஷன் பக்கம் சுருக்கமாக: 50 குதிரைத்திறனுக்கு 2 டிகிரி என்ற கணக்கில் தீப்பொறி விழும் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுங்கள், உங்களுக்கு 4 டிகிரி. ஸ்பார்க் பிளக், வெப்ப அளவில் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.035 அங்குலம். நல்ல பெட்ரோல் போடுங்கள்.

பாட்டில் 10 பவுண்டு போதும். 100 ஷாட்டில், அதாவது 100 குதிரைத்திறன் கூட்டும் அளவில், பத்து நொடிக்கு ஏறக்குறைய 0.8 பவுண்டு போகும். குளிர்காலத்தில் அழுத்தம் இறங்கிவிடும், அப்போது ஹீட்டர் தேவைப்படும். பாட்டிலுக்கான ஹீட்டரைத்தான் சொல்கிறேன், நெருப்பு கக்கும் டார்ச்சால் சூடாக்குவதை அல்ல. அப்படிச் செய்யும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் நிற்காதீர்கள். பாட்டிலைப் படுக்க வைக்கும்போது லேபிள் மேலே, வால்வு வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் சைஃபன் குழாய் அந்தக் கணக்கில்தான் வளைந்திருக்கிறது. பழைய பாட்டிலில் சோதனைத் தேதி குத்தியிருப்பார்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுசோதனை இல்லாமல் நிரப்பித் தரமாட்டார்கள்.

இன்ஜின் இதுவரை பிரிக்கப்படாததா? அப்படியானால் நைட்ரஸுக்கு முன் கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்ற சோதனை) பாருங்கள். உங்கள் வண்டி புதிதாக வந்தபோதே ஏறக்குறைய 170 குதிரைத்திறன்தான், அதன் மேல் 100 என்பது சின்ன விஷயமல்ல. யாராவது ஹைப்பர்யூடெக்டிக் (சிலிக்கான் அதிகமுள்ள அலுமினிய வார்ப்பு) பிஸ்டன் போட்டு ரீபில்ட் செய்திருந்தால், மேல் ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலான இடைவெளியை நைட்ரஸுக்கு ஏற்ப வைத்தார்களா என்று கேளுங்கள். சூட்டில் ரிங் முனைகள் முட்டிக்கொண்டால் என் ஏழாவது பிஸ்டனுக்கு ஆன கதிதான்.

அந்தப் பாதி விலைக் கிட்டை வாங்கலாமா என்றால், பிளேட் ஸ்ப்ரெட்போராக இருந்தால், பாட்டில் தேதி சரியாக இருந்தால், பிளேட்டுக்கும் பாட்டிலுக்கும் மட்டும் விலை பேசுங்கள். சாலினாய்டு சீல், பம்ப், ரெகுலேட்டர், இரண்டு ஸ்விட்ச் எல்லாம் புதிதாக வாங்குங்கள். கூட்டிப் பார்த்தால் புதுக் கிட்டின் விலையை நெருங்கிவிட்டதா? அப்போது அவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், நான் வாங்கியதைப் போல் மாலை ஆறு மணிக்கு அவசரமாகப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்.