டோபமின் செல்களை அழிக்கும் எம்.பி.டி.பி. என்ற நச்சைக் கொடுத்த ஜீப்ரா மீன் குஞ்சு மெதுவாக நீந்துகிறது. இதைப் பார்க்கின்சன் நோய்க்கான ஆய்வு மாதிரி (model) என்று சொல்லலாமா?

நீச்சல் குறைந்ததை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காற்றுப்பை நிரம்பாத குஞ்சும் மெதுவாகத்தான் நீந்தும், இதயத்தைச் சுற்றி நீர் கோத்த குஞ்சும் அப்படியே. அளவைப் படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். இறப்போ வீக்கமோ உடல் வளைவோ தென்படாத அளவிலேயே சோதனையை வையுங்கள்.

பிறகு டோபமின் செல்களை, அதாவது டோபமின் என்ற வேதித்தூதைச் சுரக்கும் நரம்புச் செல்களை, எண்ண வேண்டும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. நம் மூளையில் பார்க்கின்சன் தாக்கும் செல்கள் நடுமூளையில் இருக்கின்றன. ஜீப்ரா மீனின் நடுமூளையில் டோபமின் செல்களே கிடையாது. இணையாகக் கருதப்படுபவை இடைமூளையின் அடிப்பக்கம், போஸ்டீரியர் டியூபர்குலம் என்ற பகுதியில் உள்ளன. டோபமினை உருவாக்க உதவும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதியைக் காட்டும் சாயம் நார்அட்ரினலின் செல்களிலும் ஏறும் என்பதால், மூளை முழுவதையும் கூட்டி எண்ணாமல் தொகுதி தொகுதியாக எண்ணுங்கள். சாயம் மங்கினால் செல் செத்துவிட்டது என்றும் பொருளில்லை, நொதி மட்டும் குறைந்திருக்கலாம். டோபமின் செல்கள் பச்சையாக ஒளிரும் மரபுமாற்ற மீனிலும் அதே இழப்பு தெரிந்தால்தான் நம்பலாம்.

என் பார்வையில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுக் குழுக்களில் தவிர்க்கவே கூடாதது, செலிஜிலின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்த குழுதான். எம்.பி.டி.பி.யை நச்சாக மாற்றுவது மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி. பாலூட்டிகளில் அது ஏ, பி என இரண்டு, இந்த மீனில் ஒன்றே. செலிஜிலின் அதைத் தடுத்த பிறகும் பாதிப்பு குறையவில்லை என்றால், நீங்கள் அளந்தது வெறும் பொது நச்சுத்தன்மையாக இருக்கலாம்.

நீச்சலை 5 அல்லது 6 நாள் குஞ்சில், 96 குழித் தட்டில், 28.5 டிகிரியில், பிற்பகலில் அளப்பது நல்லது. காலையில் அசைவு நிலையாக இருக்காது. படமெடுக்க வசதியாக, உடலில் நிறமி உருவாவதைத் தடுக்க 0.003 சதவீத பி.டி.யூ. என்ற வேதிப்பொருள் போடும் வழக்கம் உண்டு. அது தைராய்டையும் பாதிக்கும். நடத்தைச் சோதனைக்கு அது வேண்டாம், படமெடுக்கும் குஞ்சுகளைத் தனியாக வளர்த்துக்கொள்ளுங்கள். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்த மருந்து எதுவானாலும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் போக வேண்டும்.

பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைச் செல்களில் காணப்படும் புரதத் திரள்களான லூயி உடல்களை இந்த மீனில் தேடாதீர்கள். அவற்றின் மூலப்பொருளான ஆல்ஃபா சைநியூக்ளின் புரதம் இதனிடம் இல்லை, மனித மரபணுவைப் புகுத்தினால்தான் வரும். முதுமையோடு தானாகவே அந்தப் புரதம் சேர்வதைப் பார்க்க வேண்டுமானால் ஆப்பிரிக்க டர்க்காய்ஸ் கில்லிஃபிஷ் என்ற மீன் பொருத்தமானது.

கையுறையும் நச்சுக்காற்றை உறிஞ்சும் ஆய்வகப் பெட்டியும் (fume hood) இல்லாமல் எம்.பி.டி.பி. பொடியைத் திறக்கவே கூடாது. 1982இல் கலிஃபோர்னியாவில் போதைமருந்தில் கலந்திருந்த இதே பொருள்தான் இளைஞர்களை நிரந்தரமாக முடக்கியது. மீன் இருந்த தண்ணீரையும் நச்சுக்கழிவாகவே சேகரியுங்கள்.