வாசகர் கேள்வி, கைவினைஞர் பதில்: ஸ்க்ரோல் சாவும் இன்டார்சியாவும்

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் மெஷின், ஸ்க்ரோல் சா. பல நிற மரத்துண்டுகளை அப்படி அறுத்து, ஒன்றோடொன்று பொருத்திப் படமாக்கும் கலை, இன்டார்சியா.

கேள்வி: 18 மி.மீ. பலகையில் மீன் உருவம் அறுத்தேன். துண்டுகளைச் சேர்த்தால் மேலே பொருந்துகிறது, அடியில் இடைவெளி விழுகிறது. மரப் புட்டி வைத்து அடைக்கலாமா?
- வாசகர், ஈசூன்

பதில்: புட்டி வேண்டவே வேண்டாம். வார்னிஷ் பட்டதும் அது தனிக்கோடாகத் தெரிந்து, மர ரேகையின் அழகைக் கெடுத்துவிடும்.

மேலே பொருந்தி அடியில் விலகினால், பெரும்பாலும் மெஷினின் மேசை (பலகையை வைத்து அறுக்கும் தட்டு) பிளேடுக்குச் செங்குத்தாக இல்லை. மெஷினில் உள்ள கோண அளவை நம்பாதீர்கள். 40 மி.மீ. தடிமனுள்ள ஒரு கழிவுக் கட்டையில் 2 மி.மீ. ஆழத்துக்குக் கீறல் போட்டு, மெஷினை நிறுத்துங்கள். கட்டையைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, அந்தக் கீறலில் பிளேடின் முதுகு நுழைகிறதா என்று பாருங்கள். சாய்வு இருந்தால் இந்தச் சோதனையில் இரு மடங்காகத் தெரியும். மேலிருந்து கீழ்வரை தடையில்லாமல் நுழையும்வரை மேசையைத் திருத்துங்கள்.

மேசை சரியாக இருந்தும் விலகினால், பிளேடு தொய்ந்திருக்கும். விரலால் பக்கவாட்டில் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் அசையக்கூடாது. 18 மி.மீ. கடின மரத்துக்கு 5ஆம் எண் பிளேடு போதும். பற்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். மழுங்கிய பிளேடை அழுத்தித் தள்ளினால் அது நடுவில் வளைந்து, வெட்டுமுகம் வயிறு தள்ளி நிற்கும். பிளேடு விலை குறைவு, தயங்காமல் மாற்றுங்கள்.

அறுத்துவிட்ட துண்டுகளையும் காப்பாற்றலாம். மேசையைத் திருத்தியபின், அடுத்தடுத்த இரண்டையும் நெருக்கிப் பிடித்து, இணைப்புக்கோட்டின் வழியே 3ஆம் எண் பிளேடை ஓட்டுங்கள். முட்டும் இடங்கள் மட்டும் தேயும். இரண்டு மூன்று முறை ஓட்டினால் இடைவெளி மூடிவிடும். அதற்குமேல் போனால் உருவமே சுருங்கிவிடும்.

இன்னொன்று, சிங்கப்பூரின் ஈரக்காற்று. வெளிக்காற்றில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். குளிரூட்டிய அறையில் அதைவிட நன்றாகவே குறையும். கடையிலிருந்து வாங்கிய பலகையை உடனே அறுத்தால், சுவரில் மாட்டியபின் அது ரேகைக்குக் குறுக்காகச் சுருங்கும். படம் தொங்கப்போகும் அறையிலேயே இரண்டு வாரமாவது அடுக்கி வையுங்கள். பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்தால் காற்றோட்டம் இருக்கும்.

கேள்வி: வாண்டா மிஸ் ஜோக்கிம் மலரைச் சாயம் பூசாமல் செய்ய முடியுமா?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: முடியும். 1981 முதல் நம் தேசிய மலரான அதன் இளஊதா இதழ்களுக்குப் பர்பிள்ஹார்ட் மரம் அருமையாக அமையும். அறுத்த உடனே பழுப்பாகத் தெரிந்தாலும், சில நாள் வெளிச்சம் பட்டால் ஊதா எழும். அதற்குப்பின் நேர்வெயில் படவிடாதீர்கள். நாளடைவில் மீண்டும் பழுப்பாகிவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் இதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

இந்த மரம் எளிதில் கருகும். வடிவத்தாளின்மேல் தெளிவான பேக்கிங் டேப் ஒட்டி, வேகத்தைக் குறைத்து அறுங்கள். இதழின் ரேகை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடட்டும். மலரின் நடுவே ஆரஞ்சுச் சாயலுக்குப் படாக் மரம், மஞ்சளுக்குப் பலா மரம். உதட்டிதழுக்கு அடியில் 6 மி.மீ. பிளைவுட் வைத்து உயர்த்தி, பின்னிதழ்களை 10 மி.மீ. வரை இழைத்துத் தாழ்த்தினால் மலர் எழுந்து நிற்கும். இலைகள் பென்சில்போல் உருண்டவை. வால்நட் மரத்தில் ரேகையை நீளவாக்கில் வைத்து உருட்டித் தேயுங்கள். பச்சை மரம் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சத்தமும் தூசியும் தொல்லையாகாதா?
- வாசகர், செங்காங்

பதில்: அண்டைவீட்டாரைத் தொந்தரவு செய்வது பெரும்பாலும் தரைவழி இறங்கும் அதிர்வு. மெஷினைக் கனமான மேசையில் திருகாணியால் இறுக்கி, மேசைக்கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். பகலில் மட்டும் அறுங்கள். தூசியுறிஞ்சியை இணைத்திருந்தாலும் என்95 முகக்கவசம் கட்டாயம். படாக் தூசி பலருக்கு மூச்சிலும் தோலிலும் எரிச்சல் தரும்.

கேள்வி: வார்னிஷ் பூசியபின் வெள்ளைத் திட்டுகள் வருகின்றனவே?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: பிதுங்கிய வெள்ளைப் பசை மரத்தில் ஊறிய இடம் அது, அங்கே வார்னிஷ் இறங்காது. முதலில் ஒவ்வொரு துண்டுக்கும் தனியே வார்னிஷ் பூசிக் காயவிட்டு, பிறகு ஒட்டுங்கள். அடிப்பக்கம் வார்னிஷ் படக்கூடாது. தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம் என்பதால், ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்த பிறகே பசை வையுங்கள்.