எந்த புரோபயாட்டிக் என் வயிற்றுக்கு ஏற்றது?

கேள்வி: எனக்கு வயது 38. பல் சிகிச்சைக்காக ஆன்ட்டிபயாட்டிக் சாப்பிட்டபோது ஏற்பட்ட வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. ஆனால் மூன்று மாதங்களாக வயிற்று உப்புசமும், காலையில் இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போவதும் தொடர்கின்றன. குடலுக்கு நன்மை செய்யும் 5,000 கோடி நுண்ணுயிர்கள் கொண்ட புரோபயாட்டிக் கேப்சூலை வாங்கும்படி தோழி சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. பரிசோதனையில் குறை தெரியாமலே வயிற்றுவலியும் மலப்போக்கில் மாற்றமும் தொடரும் குடல் எரிச்சல் நோய் (ஐ.பி.எஸ்.) உள்ள பெண்களிடம் 'பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபன்டிஸ் 35624' என்ற நுண்ணுயிரை மூன்று அளவுகளில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-இல் வெளியானது. அதில் வயிற்றுவலியையும் உப்புசத்தையும் குறைத்தது 10 கோடி கொண்ட கேப்சூல்தான். 1,000 கோடி கொண்ட கேப்சூலோ உள்ளே பசைபோல் இறுகிச் சரியாகக் கரையாததால் பலன் தரவில்லை.

பெயருக்குப் பின்னால் வரும் 35624 என்ற அந்த எண்ணைக் கவனியுங்கள், அதுதான் ரகத்தின் அடையாளம். பொன்னியும் சீரகச் சம்பாவும் நெல்தான் என்றாலும் ஒன்றின் குணம் மற்றொன்றுக்கு வராததுபோல, ஒரே இன நுண்ணுயிரிலும் ரகத்துக்கு ரகம் வேலை மாறும். ரகத்தின் பெயர் அச்சிடப்படாத அட்டையைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆன்ட்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க 'லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி', 'சாக்கரோமைசிஸ் பௌலார்டி' ஆகியவற்றை மருத்துவர்கள் தருவதுண்டு. பின்னது பாக்டீரியா அல்ல, ஈஸ்ட் வகை என்பதால் ஆன்ட்டிபயாட்டிக் அதை அழிப்பதில்லை. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இப்போதைய தொல்லை குடல் எரிச்சல் நோயின் சாயலில் இருக்கிறது. எனினும் அந்த முடிவுக்கு வருமுன் தைராய்டு, ரத்தசோகை, கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளையும் மலப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். பாலையும் பால் கலந்த காபியையும் இரண்டு வாரம் விலக்கிப் பார்ப்பதும் நல்லது. பெரியவர்கள் பலருக்குப் பால் சர்க்கரை செரிக்காமல் இதே தொல்லைகள் வருவதை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். மலத்தில் ரத்தம், எடை குறைதல், காய்ச்சல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் புரோபயாட்டிக்கைப் பற்றி யோசிக்காமல் உடனே குடல் நோய் நிபுணரைப் பாருங்கள்.

பரிசோதனைகளில் குறை ஏதும் தெரியாவிட்டால் புரோபயாட்டிக்கை முயன்று பார்க்கலாமா என்பதில் மருத்துவ அமைப்புகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆய்வுக்கு வெளியே வேண்டாம் என்று அமெரிக்கக் குடல்நோய் மருத்துவச் சங்கம் 2020-இல் கூறியது. பிரிட்டன் சங்கமோ, விரும்புவோர் 12 வாரம் வரை முயலலாம், பலனில்லையெனில் நிறுத்திவிட வேண்டும் என்று 2021-இல் கூறியது. மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவருக்கு அபாயம் குறைவு என்பதால் நான் இரண்டாவதையே ஏற்கிறேன். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் இதைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அவர்களுக்கு இந்த நுண்ணுயிர்களே ரத்தத்தில் கலந்து தொற்றை உண்டாக்கியதுண்டு.

வாங்கும்போது ஒரே ரகம் கொண்டதாக, காலாவதி நாள் வரை எத்தனை உயிருடன் இருக்கும் என்று குறிப்பிட்டதாகத் தேர்ந்தெடுங்கள். நுண்ணுயிர்களுக்கு உணவாகும் நார்ச்சத்துகளான இனுலின் அல்லது எஃப்.ஓ.எஸ். சேர்த்திருந்தால் தவிருங்கள், அவையே வாயுவைக் கூட்டும். சாப்பிடத் தொடங்கியபின் உணவுப் பழக்கத்தை மாற்றாமல், உப்புசத்தையும் மலத்தின் தன்மையையும் தினமும் குறித்து வாருங்கள். நான்கு வாரத்தில் சிறிதும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு, வேறொரு பிராண்டுக்கு மாறுமுன் அந்தக் குறிப்புகளுடன் மருத்துவரைச் சந்தியுங்கள்.