மனநல டாக்டர் படிப்பு: எல்லையோர ஊர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரி. கேரளத்தில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. சைக்கியாட்ரி, அதாவது மனநல மருத்துவ மேற்படிப்பு முடித்து, இப்போது சீனியர் ரெசிடென்டாக இருக்கிறேன். எல்லைக்கு இரண்டு பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது.

பிளஸ் டூ மாணவி, வேலந்தாவளம்: அக்கா, மனநல டாக்டராக எத்தனை வருஷம் படிக்கணும்? சைக்காலஜி படிச்சா போதாதா?

மருந்து எழுத வேண்டுமென்றால் போதாது கண்ணு. எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜனாக ஒரு வருஷம். அப்புறம் நீட் பிஜி என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதி மூன்று வருஷம் எம்.டி. அல்லது அதற்குச் சமமான டி.என்.பி. பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் சேர ஐ.என்.ஐ. செட் என்று தனித் தேர்வு இருக்கிறது. அதற்காக சைக்காலஜியை மட்டமாக நினைக்காதே. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே விழாமல் உட்கார்ந்திருக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் யூனிட்டின் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அக்காதான்.

ஹவுஸ் சர்ஜன், கோவை: முதல் வருஷ ரெசிடென்டுக்கு, அதாவது எம்.டி. படிக்கிற டாக்டருக்கு, என்ன வேலை இருக்கும்? பெரும்பாலும் கவுன்சலிங்தானே?

நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். என் முதல் மாத நைட் டியூட்டி ஒன்றைச் சொல்கிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி.

ஆர்த்தோ வார்டிலிருந்து போன். சித்தூர்ப் பக்கம் கள் இறக்குகிறவர், தென்னையிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து படுத்திருந்தார். அட்மிட் ஆகி மூன்றாவது ராத்திரி. நான் போனபோது அண்ணாந்து பார்த்தபடி இடது கையால் எதையோ பிடித்துக்கொண்டு, வலது கையால் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். கள் இறக்கத் தென்னம்பாளையைத் தட்டுகிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கட்டில் அவருக்கு மரமாகிவிட்டது. உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், நாடித்துடிப்பு 130. "காத்துக் கருப்பு அண்டிருச்சுங்க" என்று மனைவி அழுதார்.

தினமும் குடித்துப் பழகிய உடம்பில் குடி திடீரென்று நின்றால் இரண்டு மூன்று நாளில் இந்தப் பிதற்றல் வரும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அவர் சாப்பிடவில்லையே என்று நான் முதலில் குளுக்கோஸ் டிரிப் எழுதினேன். கேஸ் ஷீட்டைப் பார்த்த சிஸ்டர், "தயமின் கொடுத்தோ டாக்டரே?" என்றார். கொடுக்கவில்லை. தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்திருக்கும் குடிநோயாளிக்கு அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்குச் சேதம் வரலாம். புத்தகத்தில் அடிக்கோடு போட்டுப் படித்ததுதான், அந்த நேரத்தில் கை மறந்துவிட்டது. தயமின் போட்டு, நடுக்கத்தையும் பிதற்றலையும் அடக்கும் லோரசிபாம் போட்டு, விடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன். இரண்டு நாள் கழித்து அவர் கேட்ட முதல் கேள்வி, "என் மரத்தையெல்லாம் யாருங்க பார்த்துக்கறாங்க?"

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் வருஷம் முக்கால்வாசி இப்படித்தான்: மற்ற வார்டுகளின் அழைப்பு, எமர்ஜென்சி, ஓபியில் விலாவாரியாகக் கேஸ் எழுதுவது. நியூராலஜி, குழந்தைகள் மனநலம், போதை மீட்பு என்று போஸ்டிங் மாறும். மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும். நடுவில் தீசிஸ். கவுன்சலிங் உண்டு, ஆனால் அதற்குமுன் நீங்கள் நல்ல பொது மருத்துவராக இருக்க வேண்டும்.

எம்.பி.பி.எஸ். மாணவர், உடுமலை: ஸ்டைபண்ட் எவ்வளவு கிடைக்கும்?

மாநிலத்துக்கு மாநிலம், கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சீட் எடுக்குமுன் அங்கே இப்போது படிக்கிற பிஜி ஒருவரிடம் கேளுங்கள் தம்பி.

பிஜி தேர்வுக்குப் படிப்பவர், மதுரை: கேரளத்தில் சீட் கிடைக்கலாம். மலையாளம் புரியும், பேச வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் புரிகிறது என்று நினைக்கும் இடத்தில்தான் வழுக்கும். குழந்தைகள் ஓபியில் ஒரு தாய், "மோனு பயங்கர விஷமமாணு" என்றார். தமிழ்நாட்டிலிருந்து வந்த என் சகாவுக்கு அதில் புரியாத சொல்லே இல்லை. பையன் சேட்டைக்காரன் என்று எழுதிவிட்டார். மலையாளத்தில் விஷமம் என்றால் துயரம். அந்தப் பையன் பல நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன். ரவுண்ட்ஸில் எங்கள் சார் அந்தத் தாயிடம் மறுபடி முதலிலிருந்து கேட்டபோதுதான் தெரிந்தது.

அந்தப் பக்கமும் இதே கதைதான். நம்ம ஊர்ப் பாட்டி "வயித்துல ஒரே சங்கடமா இருக்குதுங்க" என்றால் வயிறு சரியில்லை என்று பொருள். மலையாளத்தில் சங்கடம் மனத்துயர். அன்றிலிருந்து சார் ஒரு கட்டளை போட்டார்: நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுது, உன் வார்த்தை அதற்குக் கீழே வரட்டும். ஒரே மொழி பேசுகிறவர்களுக்குள்ளும் இது வேண்டும் என்பேன். "மனசு சரியில்லைங்க" என்பதை உடனே டிப்ரஷன் என்று எழுதிவிட்டால், அது பயமா, கோபமா, கடனா, தூக்கமில்லாததா என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு தாய், பொள்ளாச்சி: பொண்ணு இந்தப் படிப்புதான் வேணுங்கறா. பைத்தியங்களோடவே இருந்தா இவளுக்கும் அப்படி ஆயிராதுங்களா?

ஆகாதுங்கம்மா, இது ஒட்டுகிற வியாதி இல்லை. அந்த வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். அவர்களும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள்தான். உங்கள் மகளுக்குக் கஷ்டம் வேறு விதத்தில் வரும். நான் தேற்றி வீட்டுக்கு அனுப்பிய ஒருவர் அடுத்த மாதம் தற்கொலை செய்துகொண்டார். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் சார் அந்தக் கேஸ் ஷீட்டை என்னோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார், குற்றம் கண்டுபிடிக்க அல்ல. அப்படிப்பட்ட பெரியவர்கள் இருக்கும் துறையா என்று விசாரித்துச் சேர்த்துவிடுங்கள்.

கல்லூரி ஆசிரியர், பாலக்காடு: ஷாக் ட்ரீட்மென்ட் இன்னமும் உண்டா?

உண்டு. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகுதான். அவை இல்லாமல் கொடுப்பதை 2017 மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது. சாப்பிடாமல் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்த ஒரு அம்மா, மூன்றாவது முறைக்குப் பிறகு காப்பி கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு அண்ணன், கோவிந்தாபுரம்: தம்பி மூணு மாசமா தூங்கறதில்ல, தனியா பேசறான். சோட்டாணிக்கரை கூட்டிட்டுப் போனோம். கட்டி வைக்கச் சொல்றாங்க, என்ன செய்யறது?

கோயிலுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கட்டி வைக்க மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போடுவது இப்போது சட்டப்படி தப்பு.

இன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்யுங்கள். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நாளைக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநல ஓபிக்கு அழைத்துப் போங்கள். வரமாட்டேன் என்றால் தூக்கம் வர மருந்து வாங்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், அது பொய்யும் இல்லை. போகும்போது அவர் சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாதத்திலிருந்து தூக்கம் போயிற்று, தனியாகப் பேசும்போது என்ன வார்த்தை சொல்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவர் சொன்னபடியே எழுதுங்கள்.