வில்லோடு வான்கோழி வேட்டை: முதல் முறை போகிறவர் எதைத் திட்டமிட வேண்டும்?

அமெரிக்காவில் வசந்த கால வான்கோழி வேட்டைக்கு முதன்முறையாக வில்லோடு போவதாக எழுதியிருக்கிறீர்கள். உரிமம் வாங்கும்போதே விதிகளைப் படித்துவிடுங்கள்; இந்தப் பருவத்தில் பொதுவாகச் சேவலை, அதாவது ஆண் வான்கோழியைத்தான் எய்யலாம்.

வான்கோழியின் கண் மிகக் கூர்மையானது. நாணை இழுக்கும் அசைவு தெரிந்தாலே ஓடிவிடும். அதனால் மறைப்புக் கூடாரம் போட்டு, பின்பக்க ஜன்னல்களை மூடி, கறுப்புச் சட்டையோடு உள்ளே உட்காருங்கள். சேவலை ஈர்க்க, பொம்மைப் பேடையைப் பத்துப் பன்னிரண்டு அடியெடுத்து வைக்கும் தூரத்தில் நடுங்கள். சேவல் தோகை விரித்து முதுகு காட்டித் திரும்பும்போது, விரிந்த வாலே அதன் கண்ணை மறைக்கும். அந்த நொடியில் இழுங்கள்.

உயிர்நிலை, அதாவது அம்பு பட்டால் உடனே சாகும் இடம், ஓர் ஆரஞ்சுப் பழ அளவுதான். 20 கஜத்துக்கு மேல் எய்யவே வேண்டாம். அம்போடு பறந்துபோய் எங்கோ சாகவிடுவது பெரும் பாவம்.

அப்புறம், சிவப்பு, வெள்ளை, நீல உடை கூடாது. சேவலின் தலை நிறங்கள் அவை. துப்பாக்கியோடு வருபவர் உங்களையே பறவை என்று நினைத்துவிடலாம்.