டெஸ்ட் மெஷினுக்கு விட்ட பேக்கேஜ் திருமங்கலம் பில்லிங் சிஸ்டத்துல ஏறிருச்சு - எஸ்சிசிஎம் (நிறைய கம்ப்யூட்டர்ல ஒரே இடத்துல இருந்து சாஃப்ட்வேர் ஏத்துற மைக்ரோசாஃப்ட் டூல்)

டெஸ்ட் மெஷினுக்கு மட்டும் விட்ட பேக்கேஜ் (ஏத்த வேண்டிய சாஃப்ட்வேர்) திருமங்கலத்துல எப்டி ஏறுச்சுன்னு கேட்டிருக்கீங்க. பேக்கேஜ்ல தப்பில்ல, கலெக்‌ஷன் குவெரியைப் பாருங்க, அதாவது எந்தெந்த மெஷின் அந்த க்ரூப்புல வரணும்னு பேர வச்சுத் தேடுற விதிய. டெஸ்ட் மெஷின் பேரு எம்டியூ-டி01, திருமங்கலம் பேரு எம்டியூ-டிஎம்ஜினு ஆரம்பிக்குதுன்னு நீங்களே போட்டிருக்கீங்க, குவெரில எம்டியூ-டி போட்டு பின்னாடி பர்சென்ட் குறி (பின்னாடி எது வந்தாலும் சரின்னு அர்த்தம்) வச்சிருந்தா ரெண்டும் அம்புட்டும் உள்ள வந்துரும், அனேகமா இதான் நடந்திருக்கு.

ஆனா பேக்கேஜ் விட்டது போன மாசம், ஏறுனது நேத்து ராத்திரி, அது எப்டின்னு கேட்டீங்கள்ல. டிப்ளாய்மென்ட் (பேக்கேஜ ஏத்தச் சொல்ற ஆர்டர்) ரிக்வயர்டா, அதாவது கட்டாயம்னு இருந்து டெட்லைனும் முடிஞ்சிருந்தா, புதுசா கலெக்‌ஷனுக்குள்ள வர்ற மெஷின் பாலிசி (சர்வர்ல இருந்து வர்ற உத்தரவு) கிடைச்ச உடனே இன்ஸ்டால் பண்ண ஆரம்பிச்சிரும், மெயின்டனன்ஸ் விண்டோ (இன்ஸ்டால் பண்ண அனுமதிக்கிற நேரம்) வைக்கலேன்னா கடை நேரம்லாம் பாக்காது. அப்டி புதுசா உள்ள வந்துச்சான்னு தெரிய, திருமங்கலத்துல சமீபத்துல சிஸ்டம் மாத்துனாங்களா, பேரு மாத்துனாங்களான்னு கேளுங்க.

செக் பண்ண:
1. கன்சோல்ல அந்த டிவைஸ செலக்ட் பண்ணி கீழ கலெக்‌ஷன்ஸ் டேப் பாருங்க, டெஸ்ட் கலெக்‌ஷன் பேரு வருதா?
2. வரலேன்னா அந்த மெஷின் இருக்கற மத்த கலெக்‌ஷனுக்கு யாரும் டிப்ளாய் பண்ணிருக்காங்களான்னு பாருங்க. மெஷின்ல விண்டோஸ், சிசிஎம், லாக்ஸ் ஃபோல்டர்ல எக்ஸெக்எம்ஜிஆர் லாக்ல டிப்ளாய்மென்ட் ஐடி இருக்கும்.

டெஸ்டுக்கு குவெரியே வேணாம், டைரக்டா மெஷின சேருங்க, அதான் சேஃப்.

ஒண்ணு கவனம், டிப்ளாய்மென்ட்ட டெலீட் பண்ணா ஏறுனது தானா இறங்காது, அன்இன்ஸ்டால தனியா விடணும். டீஃபால்ட்டா கிளையன்ட் (மெஷின்ல இருக்கற எஸ்சிசிஎம் புரோகிராம்) 60 நிமிஷத்துக்கு ஒரு தடவ தான் பாலிசி எடுக்கும், டெலீட் பண்ணது அதுக்குத் தெரியற வரைக்கும் இன்னும் சில மெஷின்ல ஏறலாம்.